கண் திரும்பியது, அச்சுத் திரும்பவில்லை

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கின்றது. அதைப் பற்றி ஏறும்போதெல்லாம் என் பிழையொன்று நினைவுக்கு வரும். பிழையை மறைப்பதிற் பயனில்லை. சொன்னால் மற்றொருவருக்காவது உதவும் என்றெண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் படவரைஞராக இருந்து இளைப்பாறியவர். ரீ சதுரமும் மூலைமட்டமுமே அவருடைய ஆயுதங்கள். முதுமையிற் பார்வை மங்கவே, மாடி ஏற அஞ்சலானார். அவருக்கென ஒரு கைப்பிடி அமைக்க விரும்பி, ஓட்டோகாட் என்னும் கணினி மென்பொருளிலே படிக்கட்டு முழுவதையும் முப்பரிமாணத்தில் வரைந்தேன்.

முதலில் முன்னிலைத் தோற்றத்துக்குச் சென்று படிகளின் வடிவத்தை வரைந்தேன். அத்தோற்றத்துக்கு மாறியவுடன் அச்சுக்களும் தாமாகவே மாறி, வரையுந் தளம் சுவர்போல நிமிர்ந்து நின்றது. படிகள் திரும்பும் நடுத்தட்டிலே கைப்பிடி பின்னோக்கிச் செல்லவேண்டும். ஆகவே தென்மேற்குச் சமவளவுத் தோற்றத்துக்கு மாறினேன். படம் திரும்பியது, அச்சுக்கள் திரும்பவில்லை. வரையுந் தளம் இன்னும் சுவராகவே நின்றது. அதனைக் கவனியாது, பின்னாலுள்ள கம்பத்தின் உச்சியைத் தொடுமாறு கண்மதிப்பிலே கோட்டை இழுத்தேன். திரையில் அது அழகாகப் பொருந்தியது. உண்மையிலோ அக்கோடு பின்னோக்கிச் செல்லவேயில்லை. முன்தளத்திலேயே சாய்வாக மேலேறி நின்றது! 3 அடியாக இருக்கவேண்டிய துண்டு ஏறத்தாழ 4 அடி 3 அங்குலமாயிற்று.

அந்த அளவையே தாளில் எழுதிக் கொடுத்தேன். இரும்பு வேலைக்காரர் குழாயை வெட்டி, இரு முனைகளையும் வளைத்துக் கொண்டுவந்தார். பொருந்தவில்லை. குழாயும் கூலியும் நட்டம். அதனினும் பெரிய நட்டம், தந்தையார் மேலும் இரு கிழமை சுவரைத் தடவியே ஏறவேண்டி நேர்ந்தது.

அன்றிரவு அவர் வரைபடத்தைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, நீ எங்கே நின்று பார்த்தாய் என்பது விளங்குகிறது. எந்தத் தளத்திலே கோடு போட்டாய்?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை.

ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களிற் பொருளை எறிந்து காட்டும் முறையை 18ஆம் நூற்றாண்டிலே ஒழுங்குபெற வகுத்தவர் பிரான்சியக் கணித அறிஞர் மொஞ்ச். பல ஆண்டுகள் இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்ட அம்முறை 1799இல் நூலாக வெளிவந்தது. கிடைப்படமும் நிலைப்படமும் ஒன்றையொன்று சாட்சிசொல்ல வேண்டும் என்பதே அதன் உயிர். ஒரு தோற்றம் மாத்திரம் ஆழத்தைச் சொல்லாது. வரைபலகையிலே கண் பார்க்கும் தளத்திலேயே கையும் இயங்கும். கணினியிலோ கண் ஓரிடம், கை ஓரிடமாகப் பிரிந்துவிடலாம்.

பரிகாரம் எளிது. திரையின் மூலையிலுள்ள அச்சுக் குறியை முதலிற் பார்க்கவேண்டும். யூ.சி.எஸ். என்று கட்டளையிட்டு வேர்ல்ட் என்றால் அச்சுக்கள் தம் பழைய நிலைக்கு மீளும். தளம் நிலமாகப் படியும். வியூ என்றால் உற்பத்தித் தானம் மாறாமலே, தளம் நம் கண்ணுக்கு நேரே திரும்பும். சாய்ந்த தோற்றத்திற் குறிப்புக்கள் எழுத அது நன்று. கைப்பிடி வரைய ஏற்றதன்று. கோட்டின் முனையைக் கண்மதிப்பில் வையாமல், ஒப்ஜெக்ட் ஸ்னாப் கொண்டு கம்பத்தின் முனையிலேயே பற்றவேண்டும். இறுதியாக, இன்னொரு பக்கத்தினின்றும் பார்த்த பின்னரே அளவை நம்பவேண்டும்.

இவ்வாறு திருத்தி வரைந்த இரண்டாவது குழாய் பொருந்தியது. தந்தையார் அதைப் பற்றி ஏறினார். நடுத்தட்டிலே நின்று, குழாய் பின்னோக்கித் திரும்பும் இடத்தைக் கையாலே மெல்லத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, சுவரைத் தொடாமலே மேலே ஏறிப் போனார்.