முன் டயருக்கு வயசு, பின் டயருக்கு பட்டன்

பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதுதான் பலருக்கு டயர் நினைவுக்கு வருகிறது. “எஃப்.சி.க்குக் காட்டணும்ணா, இருக்கிறதுலயே விலை கம்மியா ஒண்ணு போட்டுவிடுங்க” என்று என்னிடம் வந்து வண்டியை ஸ்டாண்டு போடுவார்கள். அந்தப் பேச்சை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. டிஎன் 29 போட்ட பழைய ஸ்பிளெண்டரும் சிடி 100-உம் தர்மபுரிப் பக்கம் இன்னும் பால் கேன் சுமக்கின்றன, பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகின்றன. உழைக்கிற வண்டிக்குக் கணக்குப் பார்த்துத்தான் செலவு செய்வார்கள்.

பழைய நூறு சிசி வண்டிக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. 1994-இல் வந்த ஸ்பிளெண்டருக்கு முன்னும் பின்னும் 2.75-18. ஆர்எக்ஸ் 100-க்குப் பின்னால் அதே அளவு, முன்னால் 2.50-18. டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு 2.50-16. நாடெங்கும் ஓடுகிற அளவுகள் என்பதால் எல்லாக் கம்பெனியும் செய்கிறது, போட்டியில் விலை அடங்கி நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு 1,280 ரூபாய்க்கு விற்றது 1,180-க்கு வர வேண்டும். பில் போட்டு வாங்குங்கள், தெரிந்துவிடும்.

வேகமாக விற்கிற அளவில் இன்னொரு லாபம், சரக்கு தேங்காது. விலையைவிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டயரின் பக்கச்சுவரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் வருடத்தின் 35-வது வாரம் செய்தது. கடை வாசலில் வருடக்கணக்காக வெயிலில் தொங்கிய பெரிய கம்பெனி டயரை நூறு ரூபாய் தள்ளிக் கொடுப்பார்கள். அதைவிட, போன மாதம் வந்திறங்கிய நடுத்தரக் கம்பெனி டயர் எவ்வளவோ மேல். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பெயர் எனக்கு இரண்டாம் பட்சம்.

ரப்பர் ஓடாமலும் கெடும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதை மெல்ல இறுக்கும். அதைத் தடுக்க ரப்பரில் ஒருவித மெழுகு கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு நெளிய நெளியத்தான் அந்த மெழுகு மேலே வந்து காப்பாற்றும். மகன் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, வாரம் ஒருமுறை ரேஷன் கடைக்கு மட்டும் போகிற வண்டியைப் பாருங்கள். ரோட்டைத் தொடும் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், பக்கச்சுவரில் தலைமுடி போல வெடிப்பு ஓடும். நகத்தால் அழுத்தினால் பதியாது. அந்த டயர் காய்ந்த ரோட்டில் சமாளித்துவிடும். முதல் மழையில் தூசியும் எண்ணெயும் குழைந்த ரோட்டில் பிடிக்காது.

இதில் சிக்குவது பெரும்பாலும் முன் டயர். பின் டயர் இழுவையும் பாரமும் தாங்குவதால் சீக்கிரம் தேயும், பட்டனைப் பார்த்தே மாற்றிவிடுவார்கள். முன் டயர் தேயாமலேயே கிழடாகும். அதனால் பின் டயரைப் பட்டனை வைத்தும், முன் டயரை வயசை வைத்தும் தீர்ப்புச் சொல்வது என் பழக்கம். ஐந்து வருடம் தாண்டிய முன் டயரைப் பட்டன் இருந்தாலும் நம்பமாட்டேன்.

இரண்டுக்கும் ஒரே அளவு என்பதால் ஸ்பிளெண்டர்காரர்களுக்கு ஒரு யோசனை வரும்: “பின்னாடி புதுசு போடுங்க, பின்னாடி இருக்கிறதைக் கழட்டி முன்னாடி மாட்டிடுங்க.” இதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால்தான் சாய்கிறது. பின் டயர் வழுக்கினால் காலூன்றிச் சமாளிக்க வழி இருக்கிறது, முன் டயர் வழுக்கினால் விழுந்தபிறகுதான் தெரியும். பின் டயரில் நடு மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அதை முன்னால் மாட்டினால் வளைவில் ஹேண்டில் அடம்பிடிக்கும். ஒரு டயருக்குத்தான் காசு இருக்கிறது, இரண்டும் சுமார் என்றால், புதுசை முன்னால் போடுங்கள் என்பேன். நூல் தெரிகிற அளவுக்குப் பின் டயர் போயிருந்தால் அது வேறு கதை, அதை ஓட்டவே கூடாது.

பால்காரர்களுக்குத் தனிக் கணக்கு. பழைய ஸ்பிளெண்டரின் பின் டயரில் 48பி என்று இருக்கும். 48 என்பது 180 கிலோ வரை தாங்கும் என்பதன் குறியீடு. வண்டியின் எடையில் பின்பக்கம் விழுவது அறுபது கிலோ, ஓட்டுபவர் எடையில் ஒரு நாற்பத்தைந்து, நாற்பது லிட்டர் கேன் இரண்டு நிறைந்தால் தொண்ணூறுக்கு மேல். கூட்டிப் பார்த்தால் எல்லை தாண்டிவிடுகிறது. அவர்களுக்கு 3.00-18-இல் 52பி, 6 பிஆர் போட்டுவிடுவேன். 200 கிலோ தாங்கும், செயின் கவரில் உரசாமல் உட்காரும், விலை வித்தியாசம் சொற்பம். இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

அதைவிட அகலமாகப் போடச் சொல்லி ஆர்எக்ஸ் வைத்திருக்கும் பையன்கள் வருவார்கள். பழைய ஸ்போக் ரிம் ஒடுக்கமானது. தடித்த டயரை அதில் மாட்டினால் இரண்டு பக்கமும் இறுகி நடு உப்பிக்கொள்ளும், ரோட்டைத் தொடுகிற இடம் அதிகமாகாது. ட்யூப்லெஸ் ஆசையும் அப்படித்தான். சாதாரண ஸ்போக் ரிம்மில் நிப்பிள் வழியே காற்றுப் போய்விடும். ட்யூப்லெஸ் டயர் வாங்கி உள்ளே ட்யூப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பயன்படுத்தாத வசதிக்குக் காசு கொடுப்பது அவர்கள் பிரியம்.

ரீபட்டன் டயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப், டயருக்கு முன்னால் 1952-இல் செய்தது, தேய்ந்த டயருக்கு ஒட்டும் பட்டன் ரப்பரைத்தான். பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது நியாயமான தொழில், டயரின் உடல் அங்கே கனமாக இருக்கும். பைக் டயர் மெல்லிசு. மொட்டை டயரில் கத்தியால் கோடு வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டு விற்பதை நான் தொடுவதில்லை. கோட்டின் அடியில் நூல் எட்டிப் பார்க்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.

மாட்டும்போது ட்யூபும் ரிம் டேப்பும் புதுசு. பழைய ட்யூப் நீண்டு போயிருக்கும், புது டயருக்குள் மடிந்து மடிந்த இடத்தில் ஓட்டையாகும். ரிம்மின் உள்ளே துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துக் காற்றடிப்பேன். ஸ்பிளெண்டரில் ஒருவர் போவதற்கு முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ. பாரம் ஏற்றினால் பின்னால் கூட்ட வேண்டும். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். அது போக நூறு கிலோமீட்டராவது நிதானமாக ஓட வேண்டும். அதனால் அன்றைக்கே தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கோ வத்தல்மலை வளைவுகளுக்கோ போக வேண்டாம் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பேன்.