பண்ணைப் பாலத்துக்கு அப்பால்

யாழ்ப்பாணம் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? நல்லூர்க் கந்தசாமி கோவில், கறுத்தக்கொழும்பான் மாம்பழம், ஒடியல் கூழ் என்றுதானே அடுக்குவீர்கள்? எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஊர்த் தெருக்களில் சற்றுப் பொறுமையாக நின்று பாருங்கள். நம் பாட்டனார் காலத்து மோட்டார் ஒன்று, பளபளவென்று சாயம் பூசிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகும் சம்பந்தியம்மாள் மாதிரி நிதானமாக உங்களைக் கடந்து போகும். ஆஸ்டின் ஏ-40, ஏ-55, மோரிஸ் மைனர் என்று பெயர் சொல்வார்கள். முன்போல் அவை ஏராளமாக இல்லை, ஆனாலும் மறைந்துவிடவில்லை.

அவை நமக்கு அந்நியமும் அல்ல. 2014-ல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாஸடருக்கு மூதாதை மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதன் சின்னத் தங்கை 1948-ல் பிறந்த மோரிஸ் மைனர். 1953-ல் அதற்குப் பின்பக்கம் திறந்த பிக்-அப் வடிவமும் வந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் வெங்காய மூட்டையோ, புகையிலைக் கட்டோ, கோவிலுக்குப் போகும் கூட்டமோ, எது கிடைத்தாலும் சரி!

இந்த வண்டிகள் இவ்வளவு காலம் பிழைத்துக் கிடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1990-ல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெட்ரோல் வருவது தடைப்பட்டது. புது மோட்டார்கள் கொட்டகையில் படுத்துவிட்டன. பழைய ஆங்கிலேய என்ஜின்களில் அழுத்தம் குறைவு. மண்ணெண்ணெயைக் கொடுத்தாலும், முக்கி முனகி, புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். ஆனால் ஒரு சிக்கல். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது. நம் பம்ப் ஸ்டவ்வை எப்படிப் பற்றவைக்கிறோம்? முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிச் சூடாக்கிவிட்டுத்தானே பிறகு பம்ப் அடிக்கிறோம்? அதே கதைதான். சில சொட்டுப் பெட்ரோலைக் காட்டி என்ஜினைக் கிளப்ப வேண்டும். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தச் சில சொட்டுக்காகப் பெட்ரோலை மருந்து போலச் சீசாவில் பூட்டி வைத்திருந்தார்களாம்.

நாங்கள் நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கக் கிளம்பியது அப்படிப்பட்ட ஒரு பழைய பிக்-அப்பில்தான். வண்டி எங்கள் உறவு மாமி ஒருவருடையது. ஓட்டியவன் அவருடைய மகன். மாமியும் நானும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் பின்னால், அர்ச்சனைத் தட்டுகளுக்குக் காவலாக!

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் படகுத்துறைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். டச்சுக்காரர்கள் விரிவாக்கிய கோட்டையைத் தாண்டியதும் பண்ணைப் பாலம். பாலம் என்றா சொல்வது? கடலுக்குள் நீட்டிப் போட்ட சாலை. இருபுறமும் ஆழமில்லாத நீர். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை பார்க்கிறார்கள். எங்கே கடல் முடிகிறது, எங்கே ஆகாயம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், பனை, மணல், மறுபடி பனை. நடுநடுவே கூரையில்லாத வீடுகள். சுவர் நிற்கிறது, முற்றத்தில் கிணறு இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. மாமி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். "இது வாத்தியார் வீடு. பிள்ளையள் எல்லாம் கனடாவிலை."

இந்த அழகில் மனம் லயித்திருந்தபோதுதான் என்ஜின் அலற ஆரம்பித்தது. தம்பி காலை எடுத்துவிட்டான், வண்டி அடங்கவில்லை. எதிரே மாட்டு மந்தை. அவன் பதறவில்லை. கிளச்சை மிதித்தான், சாவியைத் திருப்பி அணைத்தான், பிரேக்கை அழுத்தி ஓரமாக நிறுத்தினான். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. என்ஜின் தறிகெட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கத்துவது அப்புறம்.

"ஆக்ஸிலேட்டர் கம்பி சிக்கியிருக்கும்" என்று பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது. எங்கள் வீட்டில் மிக்ஸி பழுதானாலும் இதே குரலில்தான் தீர்ப்பு வரும்.

மெள்ள மெள்ள வேலணை வந்து சேர்ந்தோம். சாலையோரம் ஒரு கராஜ். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். திருகாணியைத் தொடவேயில்லை. என்ஜினைக் கிளப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கச்சேரி கேட்கிற மாதிரி.

"பிள்ளை, இதுக்குப் பெற்றோல் கூடினதாலை மட்டும் இரைச்சல் வராது. காத்து எங்கையோ களவாப் போகுது" என்றார்.

அவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. காரின் உள் சமாசாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுப்பெரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியாத வித்தையல்ல.

என்ஜின் ஓயாமல் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் சமையற்காரர்தான் கார்ப்பரேட்டர். அதன் தொண்டையில் வட்டமான தகட்டுக் கதவு ஒன்று இருக்கிறது. காலை அழுத்தினால் கதவு திறக்கும். காலை எடுத்தால் ஒரு சுருள்வில் அதை மூடும். மூடினாலும் ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும்படி சின்னத் திருகாணி ஒன்று தடுத்து நிறுத்துகிறது. அந்தக் கீற்றுக் காற்றில்தான் நின்ற இடத்தில் என்ஜின் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அலறுகிறது என்றால், ஒன்று கதவு சரியாக மூடவில்லை, அல்லது கதவைத் தவிர வேறு வழியாகக் காற்று புகுகிறது.

பெரியவர் முதலில் சோக்கைப் பார்த்தார். காலைக் குளிரில் இழுக்கும் குமிழ் அது. அதை இழுத்தால் பெட்ரோல் கூடும், என்ஜினும் வேகமாக ஓடும். உள்ளே தள்ளிய பிறகும் கம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டால் அலறல் ஓயாது. இங்கே அது ஒழுங்காகத் திரும்பியிருந்தது. அடுத்தது, ஆக்ஸிலேட்டர் கம்பி. அதைக் கார்ப்பரேட்டரிலிருந்து கழற்றியே விட்டார். அலறல் குறையவில்லை! நான் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கடலை ரசித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தடுப்புத் திருகாணியை முழுக்கத் தளர்த்தினார். கதவு இறுக மூடியது. அப்போதும் ஓடுகிறது. காற்று வடிகட்டியைக் கழற்றிக் கார்ப்பரேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். வாயைப் பொத்தினால் மூச்சு நின்று என்ஜின் அணைந்துவிட வேண்டும். இதுவோ தொண்டை கட்டியது போல் கரகரத்துக்கொண்டு உயிரோடிருந்தது. "பாத்தீங்களோ? இதுக்கு இன்னொரு மூக்கு இருக்கு" என்றார்.

அந்த மூக்கைத் தேட அவர் எடுத்த கருவி என்ன தெரியுமா? ஒரு பழைய தைலப் புட்டியும் கொஞ்சம் தண்ணீரும்! இணைப்புகளின் மேல் ஒவ்வொரு சொட்டாக விட்டார். ஓட்டையிருக்கும் இடத்தில் விழுந்தால் அது உள்ளே உறிஞ்சப்பட்டு, என்ஜின் சுருதி மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பதுண்டு. கொதிக்கும் என்ஜின்மேல் பெட்ரோல்! அடுப்பில் பாய்வதற்கு அதைவிட நேர்வழி இல்லை. கார்ப்பரேட்டர் அடியில் இருக்கும் அட்டை வளையத்தில் விட்டார், மாற்றமில்லை. தகட்டுக் கதவின் அச்சில் விட்டார், இல்லை. அதற்கப்பால், காற்றுக்குழாயின் பக்கவாட்டில், கட்டைவிரல் நீளத்தில் ஒரு செப்புக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் ரப்பர் மூடி. அதன் அடியில் சொட்டு விழுந்ததுதான் தாமதம், என்ஜின் இருமியது. ரப்பர் பொருக்கு வெடித்துக் கிழிந்திருந்தது.

"இது கொம்பனி போட்ட குழாயில்லை. ஆர் வைச்சது?" என்றார் பெரியவர்.

மாமி வண்டியை விட்டு இறங்கி வந்தார்.

"அவர்தான் அண்ணை. தொண்ணூற்றி ரண்டிலை. நாங்கள் அப்ப மானிப்பாயிலை இருந்தனாங்கள்."

மாமா அந்தக் குழாயைத் தாமே வைத்து ஒட்டினாராம். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் குளுகோஸ் ஏற்றும் குழாயை அதில் செருகி, மேலே பெட்ரோல் புட்டியைத் தொங்கவிடுவார். சொட்டுச் சொட்டாக இறங்கும். என்ஜின் கிளம்பியதும் குழாயை உருவிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். இரவில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் இந்த வாசலில்தான் வந்து கூப்பிடுவார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, இதே பிக்-அப்பின் பின்பக்கத்தில், பாயின்மேல் பிறந்த குழந்தை ஒன்று உண்டு. மாமிதான் பக்கத்தில் இருந்து பார்த்தது. மாமா காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இதை அடியோடை வெட்டி அடைக்கிறதுதான் நல்லது. புது ரப்பர் போட்டாலும் வருஷம் போக வெடிக்கும். கடலுக்கு நடுவிலை, சனம் ஏத்தின வாகனம்."

"வெட்ட வேண்டாம் அண்ணை."

"பேந்து இன்னொருக்கா இரையும்."

மாமி பதில் சொல்லவில்லை. தம்பி தாயின் முகத்தைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், வாய் திறக்கவில்லை. படகுக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்த என் வீட்டுக்காரரை நான் கண்ணால் அடக்கினேன். எனக்கென்னவோ இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அன்று மாட்டு மந்தை இருந்த இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றிருந்தால்?

கடைசியில் மாமிதான் பேசினார். "அப்ப அடைச்சு விடுங்கோ. காத்துப் போகாட்டிச் சரிதானே? குழாய் இருக்கட்டும்."

பெரியவர் சற்று யோசித்தார். குழாயின் வாய்க்குள் மரை வெட்டி, பசை தடவி, பித்தளைத் திருகாணி ஒன்றை இறுக்கினார். நெருப்பு வேலையே இல்லை. மறுபடி தண்ணீரைச் சொட்டிப் பார்த்தார், அசைவில்லை. கதவுத் தடுப்பைப் பழையபடி திருகினார்.

அத்தோடு முடிந்ததென்று நினைத்தீர்களா? இப்போது என்ஜின் கறுப்புப் புகை விட்டுக் குமுறியது! பெரியவர் சிரித்தார். ரப்பர் வெடிக்கத் தொடங்கிய நாளில் என்ஜின் திக்கியிருக்கும். யாரோ காரணம் தேடாமல் பெட்ரோலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். குழம்பில் தண்ணீர் அதிகமானதும் புளியைக் கரைத்துக் கரைத்து ஊற்றுகிற கதைதான். திருட்டுக் காற்றும் கூடுதல் பெட்ரோலும் சேர்ந்துதான் அந்த அலறல். இது எஸ்.யு. கார்ப்பரேட்டர். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன் ஒன்று இருக்கிறது. அதைத் துளி உயர்த்திப் பார்த்தார். என்ஜின் வேகமெடுத்து அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணைந்து போனால் குறைவு. லேசாக ஏறி உடனே இறங்கினால் பதம். கீழே இருந்த மரையைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பதத்துக்குக் கொண்டுவந்தார். பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பவர்களுக்கு இந்தப் பொறுமை தெரியும்.

கூலி அதிகம் கேட்கவில்லை. மாமி பையிலிருந்து புழுக்கொடியல் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டார்.

வாணர் பாலத்தில் வண்டி பூனை மாதிரிப் போயிற்று. மறுபடியும் இருபுறமும் கடல். புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் போய்ச் சேர்ந்தபோது படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாமி மட்டும் வரவில்லை. தம்பி பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். அவர் பக்கத்தில் நின்று, சேலைத் தலைப்பால் அந்தப் பித்தளைத் திருகாணியில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் போட்டு வாங்கோ பிள்ளை, நான் அடுத்த படகிலை வாறன்" என்றார்.