சர்க்கரையும் உப்புக்காற்றும்

சர்க்கரை வியாதி என்றதும் நம் வீடுகளில் சில பயங்கள் வரிசை கட்டி வரும். கால் புண் ஆறாது, கண் மங்கிவிடும், கிட்னி போய்விடும், ஹார்ட் அட்டாக் வரும். இந்த வரிசையில் புற்றுநோய்க்கு மட்டும் இடமே கிடையாது. அது பீடி குடிப்பவருக்கும் புகையிலை போடுபவருக்கும் வருவது என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் அந்த வரிசையை மாற்றி எழுத வைத்தவள் என் அக்கா.

நான் செங்கல்பட்டில் இருக்கிறேன். அக்கா வாழ்க்கைப்பட்டது மாமல்லபுரத்தில். மாமாவுக்குச் சிற்ப வேலை. வீட்டை ஒட்டியே பட்டறை. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் சுமார் 30 கிலோமீட்டர்தான். அம்மா எங்கள் இருவருக்கும் நகையைச் சமமாகப் பிரித்துக் கொடுத்த மாதிரி சர்க்கரையையும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவுக்கு அது வந்து பதினான்கு வருடம், எனக்கு ஒன்பது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். "ஏண்டி, இந்த வயசுல மறுபடியும் தீட்டு வந்தா கோயிலுக்குப் போலாமா, கூடாதா?"

அவளுக்கு வயது அறுபத்தொன்று. மாதவிலக்கு நின்று எட்டு வருடமாகிவிட்டது. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், இரண்டு மாதமாகவே அப்படிப் படுகிறது என்று சொன்னாள். பக்கத்து கிளினிக்கில் 'உடம்பு சூடு' என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இவளும் வெந்தயம் ஊற வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். கேள்வி டாக்டரைப் பற்றியே இல்லை, கோயிலைப் பற்றித்தான்.

மறுநாளே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும் வரை மாமா பட்டறையில் உளியைத் தொடவில்லை. வந்தது புற்றுநோய்தான்; ஆனால் ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அக்கா நன்றாக இருக்கிறாள், சொன்ன தேதிக்குத் தவறாமல் செக்கப் போகிறாள்.

அன்று அந்த டாக்டரம்மா சொன்ன ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. "சுகரும் எடையும் சேர்ந்திருக்கிற பெண்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே வருதும்மா." முப்பது வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள் நான். சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

மாமல்லபுரத்தில் வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். செங்கல்பட்டில் பல வருடம் தாங்கும் ஜன்னல் கம்பி அங்கே சீக்கிரமே துருப்பிடித்து உதிரும். இரும்போடு ஆக்சிஜன் சேர்வதுதான் துரு. உப்புக்காற்று அதை விரட்டி வேலை வாங்குகிறது. நம் உடம்புக்குள்ளும் இதற்கு ஒப்பான ஒன்று நடக்கிறது.

ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பு இருக்கிறது. அது சர்க்கரையை எரித்து சக்தி தருகிறது. எந்த அடுப்பிலும் கொஞ்சம் பொறி தெறிக்கும். இந்த அடுப்பில் தெறிப்பவை ஃப்ரீ ராடிக்கல்கள். அவற்றை அணைக்க குளுட்டதயோன் போன்ற தற்காப்பை உடம்பே தயாரித்து வைத்திருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாகவே நின்றால் பொறிகள் பெருகும். அணைக்கிற ஆள் போதாமல் போகும். இந்த நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

பொறி விழுகிற இடங்களில் டி.என்.ஏ.வும் ஒன்று. உடம்பு நடக்க வேண்டிய விதம் முழுவதும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் அதில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த நான்கில் எளிதாக ஆக்சிஜனிடம் மாட்டிக்கொள்வது ஜி. அப்படிக் கெட்டுப்போன ஜி, செல் பிரியும்போது சி-யோடு ஜோடி சேர்வதற்குப் பதில் ஏ-யோடு சேர்ந்துவிடலாம். 'பால்' என்பது 'பாழ்' என்று அச்சாகிற மாதிரி ஓர் எழுத்து மாறிவிடும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. செல்லின் வளர்ச்சிக்கு பிரேக் போடுகிற இடத்தில் பிழைகள் சேர்ந்தால்தான் ஆபத்து.

ஜன்னல் கம்பிக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. கம்பி தன் துருவைத் தானே சுரண்டிக்கொள்ளாது. செல் தன் டி.என்.ஏ.வைத் தானே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2015-ல் லிண்டால், மோட்ரிச், சான்சார் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சர்க்கரை கூடும்போது அந்தத் திருத்துகிற வேலையே மந்தமாகிறது என்று கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்கள் 2019-ல் சொன்னார்கள். செல்களிலும் எலி போன்ற பிராணிகளிலும் பார்த்த முடிவு அது. பிழை பெருகுகிற நேரத்தில் பிழை திருத்துபவரும் லீவு போட்டால் என்ன ஆகும்?

இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். குரோமோசோம் நுனியில் டீலோமியர் என்று ஒரு பகுதி உண்டு. புடவை நுனி பிரியாமல் இருக்க ஓரம் அடிப்போமே, அந்த மாதிரி. டைப் 2 சர்க்கரை உள்ள நம் ஆட்களுக்கு இந்த ஓரம் குட்டையாகியிருப்பதை சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005-லேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் பழி முழுவதையும் இந்தத் துருவின் மேல் போட முடியாது. டைப் 2 சர்க்கரையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதை அதிகமாகச் சுரக்கிறது. இன்சுலின் செல்களை 'வளரு, வளரு' என்று தூண்டும். அதிகப்படியான கொழுப்பு, மாதவிலக்கு நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டிருக்கும். கர்ப்பப்பையின் உள்சுவருக்கு அது ஓயாத தூண்டுதல். நாள்பட்ட அழற்சியும் கூடச் சேரும். எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது.

எவ்வளவு அதிகம் என்றுதானே கேட்கிறீர்கள்? 2010-ல் அமெரிக்க நீரிழிவு சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய் சங்கமும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டன. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈரல், கணையம், கர்ப்பப்பை உள்சுவர் ஆகிய மூன்றிலும் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் 1.2 முதல் 1.5 மடங்கு. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் மட்டும் சற்றுக் குறைவு. 2018-ல் சுமார் 2 கோடிப் பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்ததில், புற்றுநோய் வாய்ப்பு பெண்களுக்கு 27 சதவீதமும் ஆண்களுக்கு 19 சதவீதமும் கூடுதலாக இருந்தது. பயந்துவிடாதீர்கள். சின்ன எண்ணை இரண்டால் பெருக்கினாலும் சின்ன எண்தான். சர்க்கரை உள்ள பெரும்பாலோருக்கு இந்தப் புற்றுநோய்கள் வருவதில்லை. ஆனால் நம் ஊரில் சர்க்கரை உள்ளவர்களின் எண்ணிக்கை சின்னதில்லையே! 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. செய்யூர் பக்கம் சூணாம்பேட்டில் 2006-ல் ஒரு திட்டம் தொடங்கியது. செயற்கைக்கோள் இணைப்பு வைத்த வேன் ஒன்று 42 கிராமங்களைச் சுற்றி வந்தது. 23,000-க்கும் அதிகமானவர்களுக்குப் பரிசோதனை செய்ததில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அதைப்போல மூன்று மடங்கு பேர் அதன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். சிகிச்சையில் சேர்ந்தவர்களின் மூன்று மாத சராசரி ஒரே வருடத்தில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. நகரத்து ஆஸ்பத்திரி இல்லாமலும் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி ஓர் எச்சரிக்கை. அக்கா ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் உறவுக்காரர் ஒருவர் ஒரு டப்பாவோடு வந்தார். "ஆன்டிஆக்சிடன்ட், துருவையெல்லாம் அரிச்சு எடுத்துடும்" என்றார். விலை மூவாயிரம் சொச்சம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது என்று 1994-ல் முடிவு வந்தது. வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் அமெரிக்காவில் கண்டார்கள். நெல்லிக்காயும் கீரையும் சாப்பிடுவது வேறு, மாத்திரையாகக் குவிப்பது வேறு. டப்பா திரும்பிப் போய்விட்டது. அதேபோல, மெட்ஃபார்மின் புற்றுநோயைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சர்க்கரைக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

பலன் தருவது பழைய சங்கதிதான். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்கள் நடையாலும் சாப்பாட்டு மாற்றத்தாலுமே அது வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே வந்தவர்களுக்கும் எடையையும் சர்க்கரையையும் இறக்குவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் வேண்டும்: கூச்சப்படாமல் வாய் திறப்பது. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மார்பில் கட்டி, மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், மஞ்சள் காமாலை, காரணமே இல்லாமல் இளைப்பது, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்து கூடவே எடையும் குறைவது, இதில் எதையும் 'சுகர்னால இருக்கும்' என்று தள்ளிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகம், கருப்பைவாய், வாய்ப்புற்று ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். ஆனால் கருப்பைவாய் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தாலும் கர்ப்பப்பை உள்சுவருக்கு அது உத்தரவாதம் ஆகாது. துளி பட்டால் தனியாகக் காட்டித்தான் ஆக வேண்டும்.

அக்கா இப்போது அவள் தெருவின் சுய உதவிக்குழுவில், தவணை கட்ட வருகிறவர்களிடம் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறாளாம். போன வாரம் இரண்டு பேரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்தாள். ஒருத்திக்கு ஒன்றுமில்லை. இன்னொருத்திக்கு ரிசல்ட் திங்கட்கிழமை வருகிறது.