கல்லுக்குள் ஒரு கையெழுத்து

சீனாவில் ஷியான் போறவங்க எல்லாரும் களிமண் படைவீரர்களைப் பார்க்கத்தான் ஓடுவாங்க. நானும் ஓடினேன். ஆனா மனசுல நின்னது வேற இடம். பழைய கோட்டை மதிலை ஒட்டி இருக்கிற 'பெய்லின்'. கல்வெட்டுக் காடுன்னு அர்த்தம். 1087-ல் ஆரம்பிச்சது. ஆளுயரத்தைத் தாண்டின கறுப்புக் கற்கள் வரிசையா நிக்குது. மரத்துக்கு மரம் எழுத்து!

நமக்கோ ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு கல்லு நம்ம சொந்தக்காரன் மாதிரி. காஞ்சிபுரம் வரைக்கும் வந்த யுவான் சுவாங் மொழிபெயர்த்த நூல்களுக்குச் சக்கரவர்த்தி கொடுத்த முன்னுரை அது. நாலாம் நூற்றாண்டுக் கையெழுத்து மன்னன் வாங் ஷீஜியின் எழுத்துகளை ஒவ்வொண்ணாப் பொறுக்கி, ஒரு பிட்சு கோர்த்த கல்வெட்டு. வருஷம் 672.

என்னைக் கட்டிப் போட்டவர் யான் ஜென்சிங். 752-ல் அவர் எழுதின கல்வெட்டு, முதல் ரேங்க் பையனோட நோட்டு மாதிரி. அவ்வளவு நறுக்! முன்னோர் பாணியைக் கரைச்சுக் குடிச்சவர். குரு ஜாங் ஷு, தண்ணியடிச்சுட்டுத் தாறுமாறா எழுதறதுல பேர்போன ஆள்!

அப்படியே 780-ல் அவர் தன் குடும்பக் கோயிலுக்கு எழுதின கல்லுக்கு வாங்க. நெட்டுக்கோடு தடியா, படுக்கைக்கோடு மெல்லிசா, ஒவ்வொரு எழுத்தும் தோளை விரிச்சு நிக்குது. அதே கைதானா?

நடுவுலதான் வாழ்க்கை புகுந்துடுச்சு. 755-ல் ஆன் லுஷான் கலகம் வெடிச்சது. மறு வருஷம், ஒன்றுவிட்ட அண்ணனையும் அவர் மகனையும் கலகக்காரங்க கொன்னுட்டாங்க. பையனோட தலை மட்டும்தான் கிடைச்சது. 758-ல் அவனுக்காக யான் எழுதின இரங்கல் வரைவு இப்போ தைபே அரண்மனை அருங்காட்சியகத்துல இருக்கு. படத்துலதான் பார்த்தேன். முதல்ல நிதானம். போகப்போக வேகம். மை வறண்டு போகுது. அடித்தல், திருத்தல், மறுபடி அடித்தல். வாங் ஷீஜியோட புகழ்பெற்ற 'ஆர்க்கிட் மண்டப முன்னுரை'க்கு அடுத்து, ஓட்டெழுத்துல உலகத்திலேயே இரண்டாவதுன்னு இதைக் கொண்டாடறாங்க. அந்த முதலாவதின் மூலப்பிரதி தொலைஞ்சு போச்சு. மிஞ்சினது நகல்கள்தான்.

வயசான காலத்துல இன்னொரு கலகக்காரன் முன்னாடி பணிய மறுத்து, உயிரையே கொடுத்தவர் யான். அந்தத் தடிக்கோடு எங்கிருந்து வந்ததுன்னு இப்பப் புரியுது.

அன்னிக்கு ராத்திரி ரூம்ல அப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். ரொம்ப நாளா சொல்லாம வெச்சிருந்த விஷயம். மூணு இடத்துல அடிச்சிருந்தேன். நகல் எடுக்கலை. அப்படியே தபாலில் சேர்த்துட்டேன்.