பட்ட கிளையில் ஒரு குடித்தனம்

கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் பிறப்பது சித்திரையில்தான். ஆனால் சென்னையில் மாசி வந்ததுமே காலை 5.30 மணிக்கெல்லாம் குயில் கூவ ஆரம்பித்துவிடும். அப்படிக் கூவுவது கறுப்பு ஆண் குயில். உடம்பெல்லாம் புள்ளி வைத்த பழுப்புநிறப் பெண் குயிலைப் பார்த்தால், பலர் வேறு ஏதோ பறவை என்றே நினைப்பார்கள்.

மூட்டு வலிக்காக என் மாமனாரை தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பூங்காவை வெறுமனே சுற்றி வர அவருக்குப் பொறுமையில்லை. வருஷாவருஷம் பிப்ரவரியில் உலகம் முழுக்க 4 நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது 15 நிமிடம் பறவைகளைக் கவனித்து, எண்ணி, இணையத்தில் பதிவு செய்தால் போதும். குரலை மட்டும் கேட்டாலும் கணக்கில் சேரும். "செய்யலாமா மாமா?" என்றேன். மின்வாரியத்தில் 30 வருஷம் இருந்தவர். கணக்கு என்றதும் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிவிட்டார். கணக்கெடுப்பு முடிந்தும் நோட்டை மூடவில்லை.

பைனாகுலர் இல்லையே என்று தயங்காதீர்கள், எங்களிடமும் கிடையாது. தூங்குமூஞ்சி மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் மாதங்கள் இவை. காது வழி சொல்லும், கண் பின்னால் போகும். அப்படித்தான் அந்த 'டொக்... டொக்... டொக்' சத்தத்தைத் துரத்தினோம். பாத்திரக்கடையில் செம்பைத் தட்டுகிற மாதிரி, ஒரே சீராக. பட்டுப்போன ஒரு கிளையின் அடிப்பக்கம் உட்கார்ந்திருந்தது செம்மார்புக் குக்குறுவான். பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, மஞ்சள் தொண்டை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஜோடியாக மாறி மாறிப் பொந்து குடைந்துகொண்டிருந்தன. இவற்றுக்குக் காய்ந்த மரம்தான் வேண்டும்.

அடுத்த வாரமே அந்தக் கிளையை வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். எனக்குப் பதறியது. மாமாவோ, "காய்ஞ்ச கிளை என்னிக்கு இருந்தாலும் விழும்மா. மழைக்காலத்துல கம்பி மேல விழுந்ததை எத்தனை பார்த்திருக்கேன்" என்றார். பறவைக்காக வாதாடுவார் என்று பார்த்தால், வெட்டுகிறவர் பக்கம் நிற்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் மேற்பார்வையாளரிடம் போய், "வெட்டுங்க. ஆனா குஞ்சு பறந்தப்புறம் வெட்டுங்க. அதுவரைக்கும் கீழே யாரும் போகாம நான் பார்த்துக்கறேன்" என்றார்.

முட்டை இட்டு, குஞ்சு பறக்க ஏறக்குறைய 2 மாதம் ஆகும். "சித்திரை வரைக்கும்தான் சார்" என்று ஒப்புக்கொண்டார் மேற்பார்வையாளர். நான்கு கழி நட்டுக் கயிறு கட்டினோம்.

"ஒரு குருவிக்காக நாங்க சுத்திப் போகணுமா?" என்று வாக்கிங் வரும் ஒருவர் கேட்டார்.

"ஆமா சார், 40 அடி" என்றார் மாமா.

யாரோ இரண்டு முறை கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். இப்போது காலையில் போனதும் முடிச்சைச் சரிபார்ப்பதுதான் அவருக்கு முதல் வேலை. மூட்டு வலியைப் பற்றிக் கேட்டால், "அது இருக்கு" என்கிறார்.

ஜோடிப் பறவைகள் இரண்டும் அச்சாக ஒரே மாதிரி. ஆண் எது, பெண் எது என்று சொல்ல முடியாது. நேற்று ஒன்று வாயில் பழத்தோடு பொந்துக்குள் தலையை விட்டது. உள்ளே கீச்சென்று சத்தம். எத்தனை குஞ்சு என்று தெரியவில்லை. மாமா கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். பிறகு 'குக்குறுவான் - 2' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டார்.