மூக்கும் உணரியும்

“பழகப் பழகப் பாலும் புளிக்கும்” என்பது பழமொழி. பால் புளித்ததை நாம் மூக்கினால் அறிகிறோம். இன்று அந்த வேலையைச் செய்ய உணரிகளும் கையடக்கத் தொலைபேசிச் செயலிகளும் உருவாகியுள்ளன. அவற்றை எந்தளவுக்கு நம்பலாம்?

2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீடித்தது. அந்நாட்களில் வெள்ளவத்தையில் என் மாலை வகுப்புக்குப் பிள்ளைகளை அழைக்க வந்த தாய்மாரின் பேச்சு ஒன்றே: குளிர்சாதனப் பெட்டியிலுள்ள மீனை எறிவதா, கறி வைப்பதா? விலைவாசி ஏறிய காலத்தில் அரைக் கிலோ மீனை எறிவது சிறிய விடயமன்று. அதை உண்டு நோயுறுவதும் சிறிய விடயமன்று.

மீன் பழுதடையும்போது பற்றீரியாக்களின் செயலால் அமோனியா, திரைமெதைலமீன் ஆகிய வாயுக்கள் வெளிவருகின்றன. இவற்றை அறியும் கடதாசி உணரி ஒன்றை இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் 2019 இல் அறிமுகப்படுத்தினர். கடதாசி இழைகளிலுள்ள மெல்லிய ஈரத்தில் வாயு கரைய, அது மின்னைக் கடத்தும் தன்மை கூடுகிறது. தொலைபேசியை அருகில் பிடித்தால் அம்மாற்றத்தை வாசிக்கலாம். ஓர் உணரியைச் செய்ய ஏறத்தாழ 2 அமெரிக்க சதமே செலவாகும். திகதி கடந்ததென்று நல்ல உணவை எறியும் வீண்விரயம் இதனால் குறையும்.

நான் கலைப் பட்டதாரி. ஆயினும் எக்கருவியைப் பற்றியும் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எதை அறிகிறது? எதை அறியாது? சூரை, கெலவல்லா போன்ற மீன்கள் போதிய குளிரின்றி இருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். அதற்கு மணமில்லை; சமைத்தாலும் அழியாது. உண்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், வாந்தியும் வரலாம். அது எளிதில் வாயுவாக வெளிவராததால், மூக்கைப் போலவே வாயு உணரியும் ஏமாறும்.

ஆகவே நேரத்தையும் குளிரையும் கணக்கிடுவதே முதற் பாதுகாப்பு. பேலியகொடைச் சந்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வீடு வரை மீன் ஐசில் இருந்ததா? மின்சாரம் எத்தனை மணித்தியாலம் இல்லை? கதவு திறக்காத குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணித்தியாலமே குளிரைக் காக்கும். அதற்கு மேல் அதிலிருந்த மீனை, மணம் நன்றாக இருந்தாலும், எறிவதே நன்று.

மாணவர்களே, பரீட்சையில் “விஞ்ஞானத்தின் விந்தைகள்” என்ற தலைப்பு வந்தால் புகழ்ச்சியோடு நிறுத்தாதீர்கள். அக்கருவியால் இயலாதது எது என்பதற்கும் ஒரு பந்தி ஒதுக்குங்கள். கட்டுரையும் சிறக்கும், வீட்டிலும் அந்த அறிவு உதவும்.