குமரிமுனையில் மாலை 6.15

கன்னியாகுமரி,
ஜனவரி முதல் வாரம்



ஈரோட்டிலிருந்து புதுக் கேமராவோடு வந்திறங்கிய பள்ளி ஆசிரியை, கடற்கரை டீக்கடையில் கேட்ட முதல் கேள்வி இது: "வள்ளுவர் சிலைக்குப் பின்னால சூரியன் எப்போங்க இறங்கும்?"

"அங்க உதிக்கத்தான் செய்யும்மா. இறங்குறதப் பாக்கணும்னா இப்படித் திரும்பி நில்லுங்க" என்று கடைக்காரர் மேற்கே கை காட்டினார். 133 அடி உயரச் சிலை முனைக்குக் கிழக்கே இருக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் விழுவதோ நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை தெற்கே தள்ளி. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் இங்கே அது கடலுக்குள் இறங்கும். மற்ற மாதங்களில் கரைப் பக்கம் ஒதுங்கிவிடும். படத்தின் அமைப்பு கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே, திசையிலும் மாதத்திலும் தொடங்கிவிடுகிறது. ஆசிரியை நல்ல மாதத்தில்தான் வந்திருந்தார்.

ஆனாலும் முதல் நாள் மாலை அவருக்கு அழுகை வராத குறை. கேமராவை ஆட்டோ முறையில் வைத்து எடுத்த நாற்பது படங்களில் பாதியில் வானம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. மீதியில் சூரியனைத் தவிர எல்லாமே கரி.

கேமராவில் கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் ஒளிமானி, எதிரே தெரிவது எதுவானாலும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. முக்கடல் சங்கமத்தின் கரும்பாறைகள் படச்சட்டத்தில் பாதிக்கு மேல் நிறைந்தால், பாறையை வெளுக்கவைக்கப் பார்க்கும். அந்த முயற்சியில் வானம் எரிந்துபோகும். நடுவில் சூரியனை வைத்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கும். வெயிலையும் நிழலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் கண்ணின் திறமை சென்சாருக்குக் கிடையாது. அதனால் எதை இருட்டில் விடுவது என்று எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தி வேளையில் விட வேண்டியது பெரும்பாலும் தரையைத்தான். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் மீட்க ஒன்றும் மிஞ்சாது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் இருண்ட இடத்தில் ஓரளவு தோண்டி எடுக்கலாம்.

இரண்டாம் நாள் அவர் செய்தது எளிய வேலை. சூரியன் சட்டத்துக்குள் வராதபடி, அதற்குப் பக்கத்து வானத்தில் கேமராவைத் திருப்பி, அங்கே அளந்த எக்ஸ்போஷரைப் பூட்டிக்கொண்டார். பிறகு நகர்த்தி வேண்டிய காட்சியை அமைத்தார். ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/250 என்று தொடங்கி, சூரிய வட்டம் கடலைத் தொடும்போது 1/60-க்கு வந்திருந்தார். செல்போன்காரர்களுக்கும் இதே வழிதான்: பல போன்களில் வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, தோன்றும் வெளிச்சக் குறியைக் கீழே இழுத்தால் போதும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடக் கூடாது. அது ஆரஞ்சு நிறத்தைக் குறையென்று எண்ணித் திருத்திவிடும். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில் வைத்தால் அந்தி அந்தியாகவே வரும்.

அடுத்த ஏமாற்றம், சூரியனின் அளவு. கண்ணுக்குத் தாம்பாளம்போலத் தெரிந்தது படத்தில் மிளகாகிவிட்டது. சென்சாரில் விழும் சூரிய பிம்பத்தின் விட்டம், லென்ஸின் குவியதூரத்தில் ஏறக்குறைய 109-ல் ஒரு பங்கு. அவருடைய 55 மி.மீ. லென்ஸில் அது அரை மில்லிமீட்டர். படத்தின் அகலத்தில் 47-ல் ஒரு பங்கு. செல்போனின் அகலக் கோணத்தில் 150-ல் ஒன்று. பெரிதாக வேண்டுமென்றால் நீண்ட லென்ஸ் வேண்டும். அப்படி எடுக்கும்போது ஒளிவழி வியூஃபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது, விழித்திரை பொசுங்கிவிடும். பின்புறத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நீண்ட லென்ஸ் இல்லாதவருக்கு முன்னால் ஓர் உருவம் வேண்டும். பாறைமேல் நின்ற ஒரு தகப்பனும் மகளும் ஆசிரியைக்குக் கிடைத்தார்கள். முதல் படத்தில் இருவரும் ஒட்டி ஒரே கறுப்பு உருண்டை. மூன்றடி இடப்பக்கம் நகர்ந்ததும் நடுவே வானம் புகுந்தது. கோத்த கைகள் தனியே தெரிந்தன. தொடுவானக் கோடு சிறுமியின் கழுத்தை வெட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியை மணலில் உட்கார்ந்தார். அவள் தலை வானத்துக்குப் போயிற்று.

இதற்கெல்லாம் அவகாசம் குறைவு. இந்த அட்சரேகையில், இந்த மாதத்தில், வட்டம் தொடுவானக் கோட்டைத் தொட்டு முழுதும் மறைய இரண்டரை நிமிடத்துக்கும் குறைவுதான். இதே நாளில் லண்டனில் நான்கு நிமிடத்துக்கும் மேல் ஆகும். வட்டம் அந்தக் கோட்டைத் தொடுவதாகத் தெரியும் நேரத்தில் உண்மையான சூரியன் ஏற்கெனவே கோட்டுக்குக் கீழே போயிருக்கும். காற்றுமண்டலம் ஒளியை வளைத்துத் தூக்கிக் காட்டுவதுதான் நமக்குத் தெரிகிறது. அடிப்பாகம் கூடுதலாகத் தூக்கப்படுவதால்தான் வட்டம் சப்பையாகத் தோன்றுகிறது.

6.15-க்கு மறைந்தது. கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. அந்த அவசரம்தான் பெரிய இழப்பு. உயர மேகங்களுக்குக் கீழிருந்து நிறம் ஏறுவதே அதற்குப் பிறகுதான். முதுகுப் பக்கமும் பார்க்க வேண்டும். 1941-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் எடுத்த 'ஹெர்னாண்டஸ் நிலவுதயம்' படம் அப்படிப் பிறந்தது. மறையும் சூரியன் அவருக்குப் பின்னால், எதிரே நிலவு, கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு அளவு நினைவில் இருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். இரண்டாவது படத்துக்கு முயல்வதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. குமரியில் சித்ரா பௌர்ணமி மாலையில் மக்கள் கூடுவதும் மறையும் சூரியனையும் எழும் நிலவையும் இரு திசையிலும் ஒருசேரப் பார்க்கத்தான்.

மூன்றாம் நாள் வட்டம் மறைந்த கையோடு ஆசிரியை கிழக்கே திரும்பினார். கடலையொட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும்பிக்கொண்டிருந்தது. அது பூமியின் நிழல். அதற்கு மேல் வெளிறிய ரோஜா நிறம். கேமராவைக் கைப்பிடிச் சுவரில் அழுத்தி வைத்து, நிதானமாக எடுத்தார். வள்ளுவர் சிலை நிற்கும் பாறையையும் பக்கத்துப் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலமும், ரோஜா நிறத்துக்குக் குறுக்கே நிமிர்ந்து நிற்கும் வள்ளுவரும் அதில் இருக்கிறார்கள். சூரியன் இல்லாத அந்தப் படத்தைத்தான் அவர் ஊருக்கு அனுப்பியிருக்கிறார்.